கூட்டத்தில் “தெரியாது” என்று சொல்லலாமா? லீடாக இருப்பவர் சொன்னால் மதிப்புக் குறையுமா?

மழைநேரம்

வணக்கம். மென்பொருள் சோதனைப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். சமீபத்தில் ஒரு குழுவுக்கு என்னை லீடாகப் போட்டார்கள். அந்தக் குழு பார்த்துக்கொள்வது பணப் பரிமாற்றப் பகுதி. அதை எழுதியவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. ஆவணங்கள் பாதி இருக்கின்றன, பாதி இல்லை.

வாராந்தரக் கூட்டத்தில் மற்ற துறைத் தலைவர்கள் கேள்வி கேட்பார்கள். “வாடிக்கையாளருக்குப் பணம் திரும்பப் போகும்போது நடுவில் இணைப்பு அறுந்தால், ஒரே தொகை இரண்டு முறை போய்விடுமா?” என்பது மாதிரி. சிலவற்றுக்குப் பதில் தெரியும், பலவற்றுக்குத் தெரியாது. தெரியாதபோது “பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லிவிடுகிறேன். போன கூட்டம் முடிந்ததும் என் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, “லீடா இருந்துட்டு ஒவ்வொண்ணுக்கும் இப்படிச் சொன்னா மத்தவங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லி வைங்க, அப்புறம் சரி பண்ணிக்கலாம்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்மேல் அக்கறை உள்ளவர்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? கணினித் துறை என்றில்லை, எந்த வேலையில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

---

பழையபேனா

நான் கணக்குத் தணிக்கையில் இருப்பவன். எங்கள் வேலையில் “அந்த நேரத்துக்கு ஒரு பதில்” என்பதைப் போல ஆபத்தான பொருள் கிடையாது. கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்தில் தங்கள் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க மாதா மாதம் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவார்கள். அதில் கடைசிக்கு முந்தைய வரியில் “இதர சரிக்கட்டல்” என்று ஒரு தொகை இருக்கும். சின்னத் தொகைதான், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பட்டியலைத் தயாரித்தவர் போன மாதத்துக் கோப்பை எடுத்து, தேதியை மாற்றி, இந்த வரியில் வித்தியாசம் எவ்வளவோ அதைப் போட்டுச் சமன் செய்துவிடுவார். மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். அவருக்கு மேலே இருப்பவர் கூட்டுத்தொகை சரியா என்று மட்டும் பார்ப்பார்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பட்டியலை முதல்முறை கையில் வாங்கியபோது, “இந்த வரி எதுக்கு? எனக்குப் புரியலை” என்று கேட்டார். தயாரித்தவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலைமைக் கணக்காளரைப் பார்த்தார். தலைமைக் கணக்காளர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கும் தெரியாது. யாருக்குத் தெரியும்?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. வேலையை விட்டுப் போன ஒருவர் என்றைக்கோ ஒரு வங்கிக் கட்டணத்துக்காக அந்த வரியைத் திறந்திருக்கிறார். முறைப்படி அனாமத்துக் கணக்கில் வைத்து, விவரம் தெரிந்ததும் எடுத்திருக்க வேண்டியது. அவர் போன பிறகு அது எல்லா வித்தியாசத்தையும் போட்டு மூடும் இடமாகிவிட்டது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தனக்கு மேலே இருப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று கீழே இருப்பவர் நினைத்தார், கீழே தயாரித்தவருக்குத் தெரிந்திருக்கும் என்று மேலே இருப்பவர் நினைத்தார். அந்தப் பெண் அன்றைக்குக் கேட்காமல், பழக்கப்படி தேதியை மாற்றிக் கொடுத்திருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் மேலாளர் சொல்வது போல “சொல்லி வைத்த” பதில் அடுத்த ஆளுக்குத் தகவலாகப் போய்ச் சேரும். அவர் அதன்மேல் இன்னொரு முடிவை எடுப்பார். நீங்கள் சரி செய்யத் திரும்பி வரும்போது அது நீங்கள் வைத்த இடத்தில் இருக்காது.

---

எதிர்க்காற்று

பழையபேனா சொன்ன சம்பவத்தில் தலைமைக் கணக்காளர் “எனக்கும் தெரியாது” என்றார். அவர் சொல்லலாம், நாற்காலி உறுதியானது. அதே வார்த்தையை ஒப்பந்த ஊழியர் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே இருப்பவர் சொன்னால் “எவ்வளவு நேர்மை” என்பார்கள். கீழே இருப்பவர் சொன்னால் “தயாராக வரவில்லை” என்று மதிப்பீட்டுத் தாளில் ஏறும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அந்தத் தாள்தான் பேசும், நீங்கள் எவ்வளவு நேர்மையானவர் என்பது அதில் இருக்காது.

மழைநேரத்தின் மேலாளர் சொன்னது அறப்படி தப்பாக இருக்கலாம். ஆனால் அந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் “தைரியமாகச் சொல்லுங்கள்” என்று அறிவுரை சொன்னால், அடி வாங்கப்போவது நாம் இல்லை, அவர்தான்.

---

இரவுஷிஃப்ட்

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எதிர்க்காற்று சொல்வதை மறுக்க மாட்டேன், பயம் எங்களுக்கும் உண்டு. ஆனால் எங்கள் வேலையில் தெரியாததை எங்கே, எப்போது, யாரிடம் சொல்வது என்பதற்கே முறைகள் இருக்கின்றன. அது தனி ஆளின் தைரியத்தை நம்பி விடப்படவில்லை.

ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பு வாங்குகிறோம் அல்லவா? புது மாடல் மருந்துப் பம்பு வந்திருந்தால், அந்த நேரத்திலேயே “இந்தப் பம்பை நான் ஓட்டியதில்லை” என்று சொல்லிவிட வேண்டும். நள்ளிரவில் அலாரம் அடிக்கும்போது சொன்னால் யாருக்கும் பயன் இல்லை. ஆரம்பத்திலேயே சொன்னால் தெரிந்தவர் கிளம்புவதற்கு முன் காட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, இன்சுலின் போன்ற மருந்துகளை இருவர் சரிபார்ப்பது. 50 மில்லியில் 50 யூனிட் கலந்து, மணிக்கு எத்தனை மில்லி ஓட வேண்டும் என்று நான் கணக்குப் போடுகிறேன் என்று வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் “3 மில்லி, சரிதானே?” என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் “சரிதான்” என்பார்கள், கணக்குப் போடாமலே. மருந்துச் சீட்டை மட்டும் கையில் கொடுத்து, “நீங்கள் தனியாகப் போட்டுச் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் பம்பில் எண்ணை அடிப்போம். நான் தப்பாகப் போட்டிருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த முறையே உருவாகியிருக்கிறது. அதனால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

தொலைபேசியில் டாக்டர் அளவு சொன்னால் எழுதிக்கொண்டு திருப்பிப் படிப்போம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றாக விழும் என்பதால் “ஒன்று, ஐந்து” என்று எண்ணெண்ணாகச் சொல்வோம். பெரிய டாக்டராக இருந்தாலும் “ஆமாம்” என்று அவர் சொல்லும்வரை மருந்து ஏறாது.

இன்னொரு விஷயமும் இங்கே பொருந்தும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்ணிக்கை தலைகீழாக இருந்தது, நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது, அந்தக் குழுக்களில் தவறுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிந்தது, மற்ற இடங்களில் மறைந்து கிடந்தன என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார். ஒரு வார்டில் “தெரியாது”, “தப்பாகிவிட்டது” என்ற பேச்சே எழவில்லை என்றால் எனக்கு அந்த வார்டைப் பார்த்துத்தான் பயம்.

---

முதல்வருடம்

வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. கூட்டத்தில் சுருக்கெழுத்துகளாகவே பேசுகிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நானும் ஆட்டுகிறேன். அப்புறம் என் இடத்துக்கு வந்து செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்டுப் புரிந்துகொள்கிறேன். யாரையும் தொந்தரவு செய்யாமல் வேலை நடக்கிறது. இது தப்பா?

---

விமானக்கொட்டகை

முதல்வருடம், உங்கள் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நான் விமானப் பராமரிப்பில் இருப்பவன், மழைநேரத்தின் கேள்விக்கு வருகிறேன்.

1977 மார்ச் 27, டெனெரிஃபே தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். கடும் பனிமூட்டம். கேஎல்எம் நிறுவனத்தின் 747 விமானம் புறப்பட ஓடத் தொடங்குகிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 இன்னும் விலகாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. வானொலியில் கேட்டதை வைத்து, விமானிகளோடு உட்கார்ந்திருந்த கேஎல்எம் விமானப் பொறியாளருக்குச் சந்தேகம். பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்கிறார். அவர் அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அந்தக் கேப்டனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வானொலிக் குழப்பம், நெரிசல், நேர நெருக்கடி என்று காரணங்கள் பல. ஆனால் அந்தப் பதிலை மட்டும் எடுத்துப் பாருங்கள். அவருக்கு ஓடுபாதையின் மறுபக்கம் தெரியவில்லை. பனிமூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அவர் சொன்னது அவருக்குத் தெரிந்த ஒன்று அல்ல, அவர் நம்பிய ஒன்று. கேட்ட பொறியாளருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை, குரலில் அவ்வளவு உறுதி.

அடுத்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அருகே யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம். சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே வட்டமிட்டதில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதைப் பொறியாளர் சொல்லித்தான் இருந்தார், கேப்டன் மனதில் பதியும் விதத்தில் அது போய்ச் சேரவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. கீழே இருப்பவர் சந்தேகத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் பெரிய பகுதி. இன்றைக்கு உலகம் முழுக்க விமானிகள் இதைப் படிக்கிறார்கள்.

எங்கள் கொட்டகையிலும் அதே கதைதான். ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று இருபது வருடம் முறுக்கியவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் கையேட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முறுக்க வேண்டும், ஏனென்றால் கையேடு திருத்தப்பட்டிருக்கலாம். வேலை முடிந்து கையெழுத்துப் போடும்போது “எனக்கு ஞாபகம் இருந்தது” என்பது காரணமாகாது.

---

எதிர்க்காற்று

விமானம், மருத்துவமனை இரண்டிலும் தெரியாததைச் சொல்லாவிட்டால் ஆள் சாவார்கள், அதனால் முறைகள் வந்தன. சரி. சாதாரண அலுவலகத்தில் யாரும் சாவதில்லை, அதனால் முறைகளும் இல்லை. அங்கே இருப்பவருக்கு என்ன வழி?

இன்னொன்றும் சொல்கிறேன். தெரியாது என்று சொன்னால் மட்டும் போதும் என்பதும் உண்மை இல்லை. சேலஞ்சர் விண்கலம், 1986 ஜனவரி 28. முந்தின இரவு ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். அதற்குமுன் நடந்ததிலேயே மிகக் குளிரான ஏவுதல் சுமார் 12 டிகிரி செல்சியஸில். அதற்குக் கீழே, ராக்கெட் பகுதிகள் இணையும் இடத்தில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் போதிய தரவு இல்லை. அவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் “தரவு இல்லை” என்பது “ஆபத்து என்று நிரூபிக்கவில்லை” என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. கடைசியில் நிறுவனத்தின் மேலாளர்கள் முடிவை மாற்றிக்கொண்டு சம்மதித்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள்.

நேர்மையாக “தெரியாது” என்று சொன்னவர்களின் பேச்சு அங்கே பலவீனமான வாதமாக மாறிப்போனது. அதனால்தான் “சும்மா சொல்லிவிடுங்கள்” என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

---

இரவுஷிஃப்ட்

எதிர்க்காற்று, நீங்கள் மறுப்பதாக நினைத்து மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள். “தெரியாது” என்பதோடு “தெரியும்வரை என்ன செய்யக் கூடாது” என்பதும் சேர வேண்டும். எங்கள் வார்டில் “இந்த நோயாளிக்கு ஒவ்வாமை இருக்கிறதா தெரியவில்லை” என்று சொன்னால், அதோடு “தெரியும்வரை இந்த மருந்தை நிறுத்தி வைக்கிறேன்” என்பதும் வரும். இரண்டாவது பாதி இல்லையென்றால் முதல் பாதி காற்றோடு போய்விடும்.

---

பழையபேனா

இரவுஷிஃப்ட் சொன்னதை அப்படியே மழைநேரத்தின் “பார்த்துச் சொல்கிறேன்” மேல் வைத்துப் பாருங்கள்.

மழைநேரம், உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேலாளர் சொன்ன மருந்து தப்பு, ஆனால் அவர் கண்ட நோய் உண்மை. “பார்த்துச் சொல்கிறேன்” என்ற பதிலில் கேட்டவருக்குக் கையில் எதுவும் கிடைப்பதில்லை. எது தெரியாது? எதுவரை தெரியும்? எப்போது சொல்வீர்கள்? அதுவரை அவர் என்ன செய்வது? ஒன்றும் இல்லை. மாதத்துக்கு நான்கு கூட்டம் இதே பதிலைக் கேட்டால், உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைப்பார்கள். உண்மையில் உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும், தெரியாதது ஒரு சின்னத் துண்டாக இருக்கும். அந்தத் துண்டின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டாததால் மொத்தமும் இருட்டாகத் தெரிகிறது.

இரண்டு முறை பணம் போகுமா என்ற கேள்விக்கு இப்படிச் சொல்லலாம்: “ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் உண்டு, அதே எண் மறுபடி வந்தால் நிராகரிக்கும், இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறோம். வங்கிப் பக்கம் பதில் வராமல் இணைப்பு அறுந்தால் நம் பக்கம் புது எண் உருவாக்கி மறுபடி அனுப்புகிறதா என்பது எனக்குத் தெரியாது. அதைப் புதன்கிழமைக்குள் சோதித்துச் சொல்கிறேன். அதுவரை தானாக மறுபடி அனுப்பும் வசதியை இயக்க வேண்டாம்.”

இதைச் சொன்னவரைப் பார்த்து யாராவது திறமை இல்லாதவர் என்பார்களா? இதிலும் “தெரியாது” இருக்கிறது. ஆனால் கேட்டவர் ஒரு முடிவோடு எழுந்து போகலாம்.

---

சோதனைக்கூடம்

இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம் என்று தோன்றியது. நான் ஆராய்ச்சித் துறையில் இருக்கிறேன்.

ரோசன்பிளிட், கீல் என்ற இருவர் 2002இல் வெளியிட்டது. ஜிப், பூட்டு மாதிரி அன்றாடப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எந்த அளவு புரியும் என்று ஆட்களைக் கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அதை ஒவ்வொரு படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதியபின் மறுபடி மதிப்பெண் கேட்டால், தங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணை இறக்கிக்கொண்டார்கள். தெரியும் என்று நினைத்தது எழுதும்போதுதான் எங்கே அறுகிறது என்று தெரிகிறது.

மழைநேரம், கூட்டத்துக்கு முன்னால் இதை நீங்களே செய்யலாம். ஒரு பரிமாற்றம் பொத்தானை அழுத்தியதிலிருந்து பணம் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிப் பாருங்கள். “அப்புறம் அது சரிபார்க்கப்படும்” என்று மொட்டையாக எழுதும் இடம் வரும். யார் சரிபார்க்கிறார்கள், எதோடு, தவறினால் எங்கே போகும் என்று எழுத முடியாத இடம். உங்கள் ஓட்டை அதுதான். கூட்டத்தில் மற்றவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இரண்டாவது, 2015இல் புரூக்ஸ், ஜினோ, ஷ்வைட்சர் மூவரும் வெளியிட்டது. அடுத்தவரிடம் ஆலோசனை கேட்டால் நம்மைத் திறமை குறைந்தவராக நினைப்பார்கள் என்று மக்கள் தயங்குகிறார்கள். உண்மையில், கடினமான வேலையில் ஆலோசனை கேட்டவரைக் கேட்கப்பட்டவர் கூடுதல் திறமைசாலியாகவே மதிப்பிட்டார். எளிய வேலைக்கு இது பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அடிப்படை விஷயத்தையே ஓயாமல் கேட்டால் மதிப்புக் குறையத்தான் செய்யும்.

---

எதிர்க்காற்று

கடைசி வரிக்கு நன்றி. இந்த இழையில் யாரும் அதைத் தொடவில்லை. சில விஷயங்கள் தெரிந்தே ஆக வேண்டியவை. பணப் பரிமாற்றக் குழுவின் லீடுக்கு நேற்று எத்தனை பரிமாற்றம் தோற்றது என்று தெரியவில்லை என்றால் அது அறிவில் உள்ள இடைவெளி இல்லை, தயாரிப்பில் உள்ள குறை. அதை நேர்மை என்று மூடக் கூடாது. போன வாரம் தெரியாது என்று சொன்னதையே இந்த வாரமும் தெரியாது என்றால் அதுவும் அப்படித்தான்.

பழையபேனா எழுதிக் காட்டிய பதில் நன்றாக இருக்கிறது. அதை ஒப்பந்த ஊழியரும் சொல்லலாம் என்று ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் அவருக்குத் தெரிந்தது முதலில் வருகிறது. ஆனால் மேலே இருப்பவர்களின் பொறுப்பை யாரும் பேசவில்லையே? எல்லாச் சுமையும் சொல்கிறவர் தலையில்தானா?

---

விமானக்கொட்டகை

நியாயமான கேள்வி. எனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

“யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சந்தேகம் இருப்பவர் கை தூக்க வேண்டும், அதாவது தன்னைத் தனியாகக் காட்டிக்கொள்ள வேண்டும். “இந்த வேலையில் எந்த இடம் நமக்கு இன்னும் தெளிவாகவில்லை?” என்று கேட்டால் பேச்சு வரும். ஒரு இடமாவது தெளிவாக இல்லாமல்தான் இருக்கும் என்று கேள்வியே ஒப்புக்கொண்டுவிட்டது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் நான் என்னுடையதைச் சொல்லித் தொடங்குவேன்: “இந்த மாடலில் ஹைட்ராலிக் பகுதியில் போன திருத்தத்துக்குப் பிறகு என்ன மாறியது என்று நான் இன்னும் படிக்கவில்லை, யார் படித்தீர்கள்?” பெரும்பாலும் வயதில் சின்னவர் ஒருவர் படித்திருப்பார். அவர் விளக்குவார், நான் எல்லோர் முன்னாலும் குறித்துக்கொள்வேன்.

அப்புறம், ஒருவர் “தெரியாது” என்று சொன்ன அடுத்த நொடி முக்கியம். அந்த நேரத்தில் மேலே இருப்பவர் முகத்தைச் சுளித்தால், அந்த அறையில் இருக்கும் அத்தனை பேரும் பாடம் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் எத்தனை முறை “எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள்” என்று பேசினாலும் எடுபடாது. எதிர்க்காற்று கேட்ட பொறுப்பு அந்த நொடியில் இருக்கிறது. மதிப்பீட்டுத் தாளிலும் இருக்கிறது: தெரியாததை முன்கூட்டிச் சொன்னவருக்கு மதிப்பெண் குறைக்கும் மேலாளர், தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறார்.

---

பழையபேனா

முதல்வருடத்தின் கேள்வி நடுவில் விட்டுப்போயிற்று.

தம்பியோ தங்கையோ, உரையாடியிடம் கேட்பது தப்பில்லை. ஒரு சொல்லுக்குப் பொதுவான பொருள் என்ன என்று தெரிந்துகொள்ளலாம், கேள்வியைக் கூர்மையாக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அதற்குத் தெரிவது பொதுவான விஷயம். உங்கள் நிறுவனத்தில் அந்தச் சுருக்கெழுத்து வேறு பொருளில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது, யார் போட்டார், எதற்கு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சரியான பதிலையும் தப்பான பதிலையும் ஒரே சரளத்தோடு சொல்லும், குரலை வைத்து நீங்கள் பிரிக்க முடியாது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நீங்கள் கேட்காததால் உங்கள் குழுவுக்கு ஒரு தகவல் போகவில்லை. “இந்த இடம் புதியவருக்குப் புரிவதில்லை” என்ற தகவல் அது. நான் முதலில் சொன்ன அந்தப் பெண் பட்டியலைக் கணினியிடம் காட்டி “இதர சரிக்கட்டல் என்றால் என்ன” என்று கேட்டிருந்தால், நல்ல பொதுவான விளக்கம் கிடைத்திருக்கும். அவர் திருப்தியாகித் தேதியை மாற்றியிருப்பார்.

இன்னொன்று, புதிதில் கேட்பதற்கு விலை குறைவு. சேர்ந்து சில மாதத்துக்குள் எதைக் கேட்டாலும் “புதுசு, கேட்கட்டும்” என்பார்கள். அதே கேள்வியை இரண்டு வருடம் கழித்துக் கேட்பது கஷ்டம், ஏனென்றால் இரண்டு வருடம் தலையாட்டியதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இப்போதே கேட்டுவிடுங்கள்.

---

முதல்வருடம்

புரிகிறது. எவ்வளவு நேரம் நானே முட்டிப்பார்க்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். சட்டென்று கேட்டால் சோம்பேறி என்பார்களோ என்று இருக்கிறது.

---

மழைநேரம்

முதல்வருடம், இதற்கு நான் பதில் சொல்லலாம், என் குழுவிலும் உங்களைப் போல் இருவர் இருக்கிறார்கள். அரை மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம் பாருங்கள். நகரவில்லை என்றால் கேளுங்கள். கேட்கும்போது என்ன செய்ய நினைத்தீர்கள், என்னென்ன முயன்றீர்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று மூன்றையும் சொல்லுங்கள். இப்படிக் கேட்பவரைச் சோம்பேறி என்று யாரும் நினைத்து நான் பார்த்ததில்லை. மாலைவரை பேசாமல் இருந்துவிட்டு “இன்னும் முடியவில்லை” என்று வருபவருக்குத்தான் என்னால் உதவ முடியாமல் போகிறது.

மற்ற எல்லோருக்கும் நன்றி. சோதனைக்கூடம் சொன்னபடி நேற்று மாலை உட்கார்ந்து முழுப் பாதையையும் எழுதிப் பார்த்தேன். மொட்டையாக நின்ற இடங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, ஆனால் இருப்பவை எல்லாம் ஒரே பக்கத்தில், வங்கியிடமிருந்து பதில் வரும் பக்கத்தில் குவிந்திருக்கின்றன. அந்தத் தாளையே மேலாளரிடம் காட்டினேன். “தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, தெரியாததில் இந்த இரண்டு அவசரம், மற்றவை காத்திருக்கலாம்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, அவசரமான இரண்டையும் சோதிக்க இன்னொரு குழுவிலிருந்து ஒருவரை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். “ஏதாவது சொல்லி வைங்க” என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஓரளவு தெரியும், முழு உறுதி இல்லை என்ற இடத்தில் எப்படிச் சொல்வது? கூட்டத்தில் பாதிக் கேள்விகள் அந்த வகைதான்.

---

சோதனைக்கூடம்

அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். “நானே சோதித்தேன்”, “ஆவணத்தில் படித்தேன், சோதிக்கவில்லை”, “முன்பு வேறொரு அமைப்பில் இப்படி இருந்தது, இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.” இந்த மூன்றையும் “இருக்கும் என்று நினைக்கிறேன்” என்ற ஒரே தொனியில் சொன்னால் கேட்பவர் பிரித்துப் பார்க்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார். எண்ணிக்கையாகக் கேட்டால் ஒற்றை எண் சொல்லாதீர்கள். “மூன்று நாளிலிருந்து எட்டு நாள், வங்கிப் பக்கம் பதில் சீக்கிரம் வந்தால் மூன்று” என்று சொல்லுங்கள். எதைப் பொறுத்து மாறும் என்பது அந்த எண்ணைவிடப் பயனுள்ளது.

---

முதல்வருடம்

கடைசியாக ஒன்று. வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதே போல் சொல்லலாமா? அங்கே “தெரியாது” என்றால் ஆட்டம் முடிந்தது என்றுதான் நண்பர்கள் சொல்கிறார்கள்.

---

எதிர்க்காற்று

நான் ஆள் எடுக்கும் குழுவில் உட்காருபவன், அதனால் இதற்கு நானே சொல்கிறேன்.

“தெரியாது” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்தால் எங்களால் மதிப்பெண் போட முடியாது, எங்களுக்குப் பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. தெரியாததைத் தெரிந்தது போல அளந்தால் இரண்டாவது துணைக் கேள்வியில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு, அதுவரை நீங்கள் சரியாகச் சொன்ன பதில்களையும் நாங்கள் சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்போம். அதுதான் பெரிய இழப்பு.

“இதை நான் செய்ததில்லை. இதற்குப் பக்கத்தில் இன்னதைச் செய்திருக்கிறேன். அதை வைத்துப் பார்த்தால் முதலில் இதைச் சரிபார்ப்பேன், அடுத்தது அதை” என்று உரக்க யோசித்துக் காட்டுங்கள். நடுவில் எந்த இடத்திலிருந்து ஊகம் தொடங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். விடை தப்பாக இருந்தாலும், அந்த ஊகம் தொடங்கும் இடத்தைச் சரியாகக் காட்டியவரை நான் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வேலைக்கு அடிப்படையானதைக் கேட்கும்போது இப்படிச் சொன்னால் செல்லாது. போவதற்கு முன் வேலை விளம்பரத்தில் கேட்டிருக்கும் ஒவ்வொரு வரியையும் எடுத்து, சோதனைக்கூடம் சொன்னபடி படிப்படியாக எழுதிப் பாருங்கள்.